அம்பகமுவ வீதி

கம்பளை நகரிலே அம்பகமுவ வீதி என்று ஒரு வீதி உண்டு. அந்த வழியால் நாள்தோறும் போய்வருகிற எம்மவரிற் பலர் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று கேட்பதில்லை. ஊர்ப்பெயர் தாங்கிய வீதிகள் பெரும்பாலும் அந்தந்த ஊருக்குப் போகும் வீதிகள்தாம். ஆனால், அம்பகமுவ இன்று பெரிய ஊரல்ல. நாவலப்பிட்டிக்கும் கினிகத்தேனைக்கும் இடையில், மலைச்சரிவில் ஒதுங்கிக் கிடக்கும் சிறிய இடம். அப்படியோர் இடத்தின் பெயரை ஒரு காலத்தில் இராசதானியாக இருந்த நகரின் வீதி ஏன் சுமக்க வேண்டும்?

பெயர்ப்பலகையை எந்தக் காலத்தில் யார் நாட்டியிருந்தாலும் பாதை பழையது. மகாவலி கங்கையின் மேற்பள்ளத்தாக்கு வழியாகக் கம்பளையிலிருந்து போத்தலாப்பிட்டிய, உலப்பனை, நாவலப்பிட்டி, அம்பகமுவ என்று ஏறி, கினிகத்தேனையில் நீர்பிரிமேட்டைக் கடந்து, மஸ்கெலியாப் பக்கம் இறங்கி, பின்னர் மலையுச்சிக்குப் போகும் பாதை அது. அந்த மலையைச் சிங்கள மக்கள் ஸ்ரீபாத என்றும் சமனல என்றும் சொல்கிறார்கள். தமிழ் மக்களுக்கு அது சிவனொளிபாதமலை. நமது மூத்தவர்களுக்குப் பாவாதமலை. உயரம் 2,243 மீற்றர். உச்சியில் ஒரு கற்பள்ளம். அது யாருடைய பாதம் என்பதில் மட்டுந்தான் மக்களுக்குள் வேறுபாடு. அங்கே போகும் வழியில் வேறுபாடு இருக்கவில்லை.

இந்தப் பாதையின் ஓரத்து ஊரொன்றில் நான் பிறந்தேன். ஆசிரிய கலாசாலைப் பயிற்சி முடிந்தபின் இதே ஓரத்தில் இன்னோர் ஊரில் வரலாறு படிப்பிக்கிறேன். சில ஆண்டுகளாகத் தரம் பத்து மாணவர்களை ஆண்டுக்கொரு முறை இந்தப் பாதையில் நடத்தியே கூட்டிச் செல்கிறேன். முழுவதும் அல்ல, கம்பளையிலிருந்து உலப்பனை வரைக்கும் கால்நடை, அதற்கப்பால் பஸ். "பஸ்ஸில் கால்மணி நேரத்தில் போகிற இடத்துக்கு ஏன் சேர் நடக்கிற?" என்று பெற்றோரே கேட்டதுண்டு. நடந்தால்தான் கங்கை எந்தப் பக்கம் வருகிறது, மலை எங்கே நெருங்குகிறது, கால்வாய்கள் எங்கே குறுக்கிடுகின்றன என்பது காலுக்குத் தெரியும். இந்தப் பள்ளத்தாக்கின் வரலாற்றிற் பாதி, கால்வாய்களைக் கடந்த வரலாறு.

அதைச் சொல்வதற்கு முன், நடையைத் தொடங்கும் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் மாணவர்களை முதலில் நிறுத்துவது அம்பகமுவ வீதியிற்றான்.

1915ஆம் ஆண்டுக் கலவரம் கண்டியில் தொடங்கியது என்று நமது பாடநூல்களும் கட்டுரைகளும் சொல்கின்றன. அவ்வாண்டு மே 28ஆம் திகதி, வெசாக் இரவில், கண்டி காசில் ஹில் வீதிப் பள்ளிவாசலுக்கு முன்னால் அது வெடித்தது உண்மை. ஆனால் அதன் வழக்கு கம்பளையில், இந்த வீதியிற் பிறந்தது. வல்லஹகொட தேவாலயத்தின் பெரஹரா இந்த வழியால் போவது பழைய வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த வீதியிலே இந்தியக் கரையிலிருந்து வந்த முஸ்லிம் வர்த்தகர்கள் ஒரு பள்ளிவாசலை அமைத்தனர். பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் நிறுத்தப்பட வேண்டுமென அவர்கள் கேட்டனர். 1912இல் அரசாங்கம் பெரஹராவுக்கான அனுமதியோடு அந்த நிபந்தனையையும் சேர்த்தது. தேவாலயத்தின் பஸ்நாயக்க நிலமே அதை ஏற்கவில்லை, நீதிமன்றம் போனார். 1815 மார்ச் 2ஆம் திகதிய கண்டி உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு பௌத்த சமயத்தையும் அதன் சடங்குகளையும் காப்பதாக வாக்களித்திருக்கிறது என்பதே அவர் தரப்பு வாதம். கண்டி மாவட்ட நீதிபதியாக இருந்தவர் போல் ஈ. பீரிஸ். அவர் வரலாற்றறிஞருங்கூட. 1914இல் அவர் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. சில மாதங்கள் கழித்து நாடு எரிந்தது. அரசாங்கக் கணக்கின்படி கலகக்காரரால் கொல்லப்பட்ட முஸ்லிம்கள் 25 பேர். கொள்ளையிடப்பட்ட கடைகள் 4,000க்கு மேல். அதன்பின் இராணுவச் சட்டத்தின்கீழ் சிங்கள மக்கள் சுடப்பட்டதும் தூக்கிலிடப்பட்டதும் வேறு கணக்கு. அதையும் மாணவர்களுக்குச் சொல்லாமல் விட முடியாது.

இதை ஏன் நடையின் முதலடியிலேயே சொல்ல வேண்டும் என்று சக ஆசிரியர் ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார். பிள்ளைகள் மனதிற் கசப்பை விதைக்கிறீர்கள் என்றார். அவருடைய நோக்கம் நல்லது. ஆனால் இந்தச் சம்பவம் நமது எழுத்தில் எப்படி வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பேராசிரியை லோணா தேவராஜா இலங்கை முஸ்லிம்களைப் பற்றி 1994இல் ஓர் ஆங்கில நூலை வெளியிட்டார். நமக்கு மிகவும் வேண்டிய நூல். கண்டி இராச்சியத்தில் முஸ்லிம்கள் பெற்றிருந்த இடத்தை ஆதாரத்தோடு எடுத்துக் காட்டிய நூல். ஆயிரம் ஆண்டு இன நல்லுறவு என்பது அதன் துணைத் தலைப்பு. கூடவே 900 முதல் 1915 வரை என ஆண்டு எல்லையும் போடப்பட்டிருக்கிறது. நமது மேடைகளில் "ஆயிரம் ஆண்டு நல்லுறவு" என்பதை எடுத்து முழங்குகிறோம். அந்த எல்லையாண்டை விட்டுவிடுகிறோம். அதுவும் அட்டையில்தான் இருக்கிறது.

நமது பிள்ளைகளோ இப்போது வேறு வகையான கேள்வியோடு வருகிறார்கள். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின், பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் அவர்கள் கேட்ட சொற்கள் பல. "நாங்க எங்கெருந்து வந்த சேர்?" என்று ஒரு மாணவி வகுப்பிலே கேட்டாள். அது பாடநூற் கேள்வி அல்ல. அந்தக் கேள்விக்கு நம்மவர் ஆயத்தமாக வைத்திருக்கும் பதில் ஒன்று உண்டு: இப்னு பதூதா.

அந்தப் பதிலைக் கொஞ்சம் சோதித்துப் பார்ப்போம்.

மொரோக்கோ நாட்டுத் தஞ்சையைச் சேர்ந்த இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்தார். மாலைதீவிலிருந்து புறப்பட்ட கப்பல் காற்றில் திசைமாறிப் புத்தளக் கரைக்கு வந்தது. அங்கே ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். பாரசீக மொழி அறிந்த அந்த மன்னர், என்ன வேண்டுமென்று கேட்டபோது, "நபி ஆதம் (அலை) அவர்களின் பாதத்தைப் பார்க்க வேண்டும்" என்றாராம். மன்னர் பல்லக்கும் ஆட்களும் கொடுத்து அனுப்பினார். ஆண்டுதோறும் பாதத்தைத் தரிசிக்கும் நான்கு யோகிகள், மூன்று பிராமணர், மன்னரின் ஆட்கள் பத்துப் பேர், உணவு சுமக்கும் பதினைந்து பேர். முஸ்லிம் யாத்திரிகர் ஒருவரை, யோகிகளையும் பிராமணரையும் துணை சேர்த்து, தமிழ் மன்னர் ஒருவர், சிங்கள மன்னரின் நாட்டுக்குள் இருக்கும் மலைக்கு அனுப்பி வைக்கிறார். இந்த ஒரு வரியைப் படிக்கும்போதெல்லாம் நான் கொஞ்சம் நின்றுவிடுவேன்.

அவர் சிலாபம் வழியாக வந்து குனகார் என்ற நகரை அடைகிறார். இரண்டு மலைகளுக்கு நடுவே, பெரிய நீர்ப்பரப்பின் ஓரமாக உள்ள மன்னரின் தலைநகர் என்கிறார். அந்நகருக்கு வெளியே ஷீராஸைச் சேர்ந்த ஷெய்கு உத்மான் என்பவரின் பள்ளிவாசல். அவர்தாம் பாதத்துக்கு வழிகாட்டியாக இருந்தவர். குனகார் என்பது கம்பளைதான் என்று நமது எழுத்தாளர்கள் பலர் ஐயமின்றி எழுதிவிடுகிறார்கள். கம்பளைக்காரனான எனக்கும் அதில் ஆசை இல்லாமலில்லை. ஆனால் குருநாகல் என்போரும் உளர். இரத்தினபுரி என்போரும் உளர். அங்கே மாணிக்கக் கற்கள் கிடைப்பதைப் பற்றி இப்னு பதூதா விரிவாகச் சொல்வது இரத்தினபுரிக்கு நன்றாகப் பொருந்துகிறது. அந்த ஆண்டில் கம்பளை இராசதானி என்பது கம்பளைக்குச் சார்பான சான்று. எனவே இதை வைத்து உரிமைப் பத்திரம் எழுத முடியாது. எழுதத் தேவையும் இல்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த ஷெய்கு உத்மானின் கதை. அவர் ஒரு பசுவை அறுத்துவிட்டார். அந்நாட்டு வழக்கப்படி அதற்குத் தண்டனை மரணம். அவர்மேல் இருந்த மதிப்பினால் உயிரை விட்டு, ஒரு கையையும் ஒரு காலையும் வெட்டினர். கூடவே, ஒரு சந்தையின் வருமானத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தனர். பின்னர் அவருடைய பிள்ளைகளும் ஆட்களும் வழிகாட்டிகளாக இருந்தனர். மன்னரும் மக்களும் அவரைச் சென்று கண்டு மரியாதை செய்கின்றனர் என்கிறார் இப்னு பதூதா. தண்டனையும் மரியாதையும் ஒரே மனிதர்மேல், ஒரே நாட்டவரால். நமது கட்டுரைகளில் சந்தை வருமானம் வரும். வெட்டப்பட்ட கை வருவதில்லை. மறுபக்கத்தில் நம்மை அந்நியர் என்போரின் எழுத்தில் பசு வரும், பள்ளிவாசல் வருவதில்லை. இரண்டும் சேர்ந்து வருவது அந்த மொரோக்கோக்காரரின் குறிப்பில் மட்டுமே.

இன்னொரு கதையும் அதில் உண்டு. ஷீராஸின் பெரிய சூஃபி அபூ அப்துல்லாஹ் இப்னு கஃபீஃப் (மறைவு 982) முப்பது பக்கீர்களோடு பாதத்துக்குப் போனாராம். வழியில் உணவில்லை. அவர் தடுத்தும் கேளாமல் மற்றவர்கள் ஒரு யானைக்குட்டியைக் கொன்று தின்றார்கள். இரவில் யானைகள் வந்து, ஒவ்வொருவராக மோந்து பார்த்து, தின்றவர்களைக் கொன்றன. தின்னாத ஷெய்கை ஒரு யானை முதுகிலேற்றி ஊருக்குக் கொண்டுபோய் விட்டது. அன்று முதல் இந்நாட்டவர் முஸ்லிம் பக்கீர்களை வீட்டுக்குள் அழைத்து உணவு கொடுக்கிறார்கள், இந்தியாவிலே அப்படியில்லை என்று ஒப்பிடுகிறார் இப்னு பதூதா. யானைக் கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். வீட்டுக்குள் அழைத்து உணவு கொடுத்ததை அவர் தம் கண்ணாற் கண்டே எழுதியிருக்க வேண்டும்.

மலைக்கு இரண்டு பாதைகள் என்று அவர் குறிப்பிடுகிறார். ஒன்று பாபா பாதை, மற்றது மாமா பாதை. அதாவது ஆதம், ஹவ்வா இருவரின் பாதைகள். மாமா பாதை இலகுவானது. இறங்கி வருவதற்கு உரியது. அதன் வழியாக ஏறியவரை யாத்திரை செய்தவராகவே கருதமாட்டார்களாம். பாபா பாதையோ செங்குத்தானது. பாறையிற் பத்துச் சங்கிலிகள். பத்தாவதன் பெயர் ஷஹாதாச் சங்கிலி. அங்கே நின்று கீழே பார்த்தவர் விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்திற் கலிமா சொல்வாராம். மழைக்காட்டின் அட்டையைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அட்டைக்கடி பட்டவர்கள் எங்கள் பள்ளத்தாக்கில் எல்லாரும் என்பதால், மாணவர்கள் மற்றப் பகுதிகளை மறந்தாலும் அதை மறப்பதில்லை.

1344ஐ இங்கே இன்னொரு காரணத்துக்காகவும் நினைவிற்கொள்ள வேண்டும். கம்பளை மன்னர் நான்காம் புவனேகபாகுவின் காலத்தில், அதே ஆண்டில், கடலாதெனிய விகாரையும் இலங்காதிலக விகாரையும் எழுந்தன. கடலாதெனிய, இலங்காதிலக, எம்பெக்கே என்ற மூன்றையும் வயல்வெளிகளூடாக நடந்தே பார்க்கும் வழக்கம் உல்லாசப் பயணிகளிடம் உண்டு, நல்ல நடை. இலங்காதிலகத்தின் பாறையிற் சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் இருக்கிறது. சக ஆண்டு 1266. அந்த எழுத்துகளுள் ஓரிரண்டையாவது நம் பிள்ளைகள் இனங்கண்டு கூச்சலிடும்போது, படிப்பித்ததில் ஏதோ பலன் இருக்கிறது என்று தோன்றும்.

பாதைக்குத் திரும்புவோம். கம்பளை எல்லையிலேயே கஹட்டப்பிட்டியப் பள்ளிவாசலும் அங்கு அடங்கியிருக்கும் பாவாவின் சியாரமும் இருக்கின்றன. பாவாதமலைக்குப் போய்ப் பாதத்தைத் தரிசித்துவிட்டு இறங்கி வந்த பக்கீர் அவர் என்பதும், மன்னர் காணி கொடுத்தார் என்பதும் ஊர் மரபு. ஆண்டு தேதிகளை விட்டுவிட்டாலும், இந்த மரபின் வடிவத்தைக் கவனியுங்கள். அவர் கரையிலிருந்து வந்து கம்பளையில் தங்கியவராகச் சொல்லப்படவில்லை. மலையிலிருந்து இறங்கி வந்தவராகச் சொல்லப்படுகிறார். நமது மற்ற ஊர்களின் தோற்றக் கதைகள் கப்பலோடு தொடங்கும். எங்கள் பள்ளத்தாக்கின் கதை பாதையோடு தொடங்குகிறது.

கம்பளையைத் தாண்டினால் கங்கை வலப்புறமும் இடப்புறமும் மாறிமாறித் தோன்றும். போத்தலாப்பிட்டியவுக்கும் உலப்பனைக்கும் பழைய பெயர்களே இன்றும் நிற்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில், தம்பதெனியாவிலிருந்து ஆண்ட இரண்டாம் பராக்கிரமபாகு (1236 – 1270) பாதத்தைத் தரிசிக்க விரும்பியும் சேறும் காடும் ஆறுகளும் தடுத்தன. யாத்திரிகர்கள் படும்பாட்டைக் கண்டு, அமைச்சர் தேவப்பதிராஜரை அனுப்பிப் பாதையைத் திருத்துவித்தார். கங்காசிரிபுரத்திலிருந்து, அதாவது கம்பளையிலிருந்து, இந்தப் பாதையிற் பாலங்கள் போடப்பட்டதைச் சூளவம்சம் சொல்கிறது. இடங்களையும் சொல்கிறது, உலப்பனையும் அம்பகமுவவும் அதில் இருக்கின்றன. முப்பது முழத்துக்குக் குறையாத நீளமான பாலங்கள். மரப்பாலங்களாகவே இருந்திருக்கும். அவற்றின் ஒரு கட்டையும் இன்று இல்லை. உலப்பனையிற் கால்வாயோரம் மாணவர்களை நிறுத்தி, ஒருவனைக் கைமுழத்தால் முப்பது அளக்கச் சொல்வேன். நான்காம் ஐந்தாம் முழத்திலேயே மற்றவர்கள் சிரிக்கத் தொடங்குவார்கள். முடியும்போது சிரிப்பு நின்றிருக்கும். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் அந்த நீளத்துக்கு மரம் வெட்டி, இழுத்து, யானை போகும் பாதையிலே போட்டவர்கள் யார் என்று அடுத்த கேள்வி வரும். அவர்கள் பெயர் எந்த வம்சக் கதையிலும் இல்லை.

பாலங்கள் போடப்பட்டது யாத்திரிகர்களுக்காக. ஆனால் பாதை என்று ஒன்று திறந்தால் உப்பும் அதிலேதான் வரும். கண்டி இராச்சியக் காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கு முஸ்லிம்களின் தொழில் தவளம். முதுகிற் பொதியேற்றிய மாடுகளை வரிசையாக ஓட்டிச் செல்வதுதான் தவளம். கரையிலிருந்து உப்பும் கருவாடும் ஏறும். மலையிலிருந்து பாக்கு இறங்கும். அரசின் போக்குவரத்துப் பகுதியான மடிகே பத்தவில் எம்மவர் சேவை செய்து, அதற்கு ஈடாகக் காணி அனுபவித்தனர். அரண்மனைக்குரிய பொருளும் அவர்களது மாட்டு முதுகில் வந்தது. என் மூத்தாப்பா தம்முடைய வாப்பாவின் கடைசித் தவள மாடுகளைப் பற்றிச் சொல்வார். முன்னே போகும் மாட்டின் கழுத்து மணிச் சத்தம் வளைவுக்கு அப்பால் கேட்டால், எதிரே வருபவர் ஒதுங்கி நிற்க வேண்டுமாம். யாத்திரைக் காலத்திலே மாடுகள்தாம் ஒதுங்குமாம். "கருணாவய் கருணாவய்" என்று கும்பிட்டுப் போகும் சிங்கள யாத்திரிகருக்குக் கடைத் திண்ணையில் இடம்விட்டு, குடிக்கத் தண்ணீர் வைப்பது வீட்டுப் பெண்களின் வேலை. இது அவர் வாயாற் கேட்டது. வரலாற்றுச் சான்றாக நான் நிறுத்தமாட்டேன். ஆயினும் ஒரு பாதையில் யார் யாருக்கு ஒதுங்குவது என்ற ஒழுங்கு சட்டத்தாலன்றிப் பழக்கத்தால் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு என்னிடம் இல்லை. 1912இல் அதே பாதையின் தொடக்கத்தில் அந்த ஒழுங்கு உடைந்தது. எத்தனை யார் தூரத்துக்கு மேளம் நிற்க வேண்டுமென்பதை அனுமதிப் பத்திரத்தில் எழுத வேண்டி வந்தது.

இடையில் என்ன நடந்தது? கோப்பி வந்தது. காடு வெட்டப்பட்டது. பின்னர் தேயிலை. புகையிரதம் 1867இல் கண்டிக்கும் 1874இல் நாவலப்பிட்டிக்கும் 1884இல் ஹட்டனுக்கும் வந்தது. யாத்திரிகர் ஹட்டனில் இறங்கி மலைக்குப் போகலாயினர். தவளக்காரருக்கு வேலையில்லாமற் போயிற்று. அவர்களிற் சிலர் கடை வைத்தனர். பலர் கைக்கெட்டிய சிறு விவசாயத்தோடு நின்றனர். புகையிரதம் புதிய வர்த்தகர்களையும் கொண்டுவந்தது. அவர்களுக்கு இந்தப் பள்ளத்தாக்கின் பழக்கம் தெரியாது. வழிபாட்டு நேரத்தில் அமைதி வேண்டும் என்று கேட்பது அவர்களின் உரிமை, அதிற் பிழையில்லை. வழமையான வழியிற் பெரஹரா போக வேண்டும் என்று தேவாலயம் கேட்டதிலும் பிழையில்லை. இரண்டு தரப்புக்கும் தெரிந்த, திண்ணையில் உட்கார்ந்து பேசக்கூடிய ஆட்கள் அப்போது எங்கே போயினர் என்பதே என்னுடைய கேள்வி. தவளத்தோடு அவர்களும் ஒதுங்கிவிட்டனர் என்று நினைக்கிறேன். இது என் ஊகந்தான். வேறு விளக்கம் உள்ளவர்கள் எழுதட்டும்.

அம்பகமுவவுக்கு வருவோம். இங்கேயுள்ள பாறைச் சாசனம் முதலாம் விஜயபாகுவினுடையது (1055 – 1110). சோழரை வென்று பொலனறுவையை மீட்ட அதே மன்னர். பாதத்துக்குப் போகும் மக்கள் பசியாலும் வழித்துன்பத்தாலும் வருந்துவதைக் கண்டு, அவர்களுக்கு உணவளிக்க ஊர்களை மானியமாக விட்டார். கிலீமலை ஊரைக் கொடுத்ததையும், ஊவாப் பாதை உட்பட மற்றப் பாதைகளிலும் ஊர்கள் விடப்பட்டதையும் சூளவம்சமும் சொல்கிறது. பாதத்துக்கு வருவோர் இன்னார்தாம் என்ற வரையறையின்றிச் சோறு போடப்பட்டது என எண்ண நமக்கு ஆசையாக இருக்கும். சாசனம் அவ்வளவு இலகுவாக விடவில்லை. உச்சியிலே தாழ்ந்த குலத்தோர் நின்று வணங்குவதற்கென்று கீழே தனியாக ஒரு முற்றம் அமைத்ததையும் அதே மன்னர் பெருமையோடு பொறித்திருக்கிறார். சோறு பொது, முற்றம் வேறு. மாணவர்களிடம் இதைச் சொன்னபோது ஒருவன், "கீழ் முற்றத்திலயாவது விட்டாங்களே சேர்" என்றான். இன்னொருத்தி, "கீழ் முற்றம் கட்டினதுதான் பிழை" என்றாள். பஸ் வரும்வரை அந்த வாதம் முடியவில்லை. நான் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை.

யாத்திரிகர் ஹட்டன் வழியாலும் இரத்தினபுரி வழியாலும் போகும் இந்தக் காலத்தில், இந்தச் சாசனத்தைத் தேடி வருவோர் குறைவு. மலைநாட்டில் நடைபாதைகளுக்கு இப்போது நல்ல காலம். ஹந்தானையிலிருந்து தொடங்கி, தேயிலைத் தோட்டங்களின் பழைய பாதைகளை இணைத்து, 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்களாகப் பெக்கோ நடைபாதை அமைக்கப்பட்டிருக்கிறது. வெள்ளைக்காரர்கள் முதுகிற் பையோடு நடக்கிறார்கள். தோட்டப் பிள்ளைகள் கையசைக்கிறார்கள். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை நட்ட லூல்கந்துரவுக்கும் அதிற் போகலாம். நூற்றைம்பது ஆண்டுப் பாதைக்கு அவ்வளவு அடையாளக் கம்பங்கள் நாட்ட முடியுமானால், ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னரே கல்லில் ஏறிய பாதைக்கு நான்கு நாட்டலாம். ஒன்று அம்பகமுவ வீதியில், பள்ளிவாசலுக்கு அருகே. ஒன்று உலப்பனையில். ஒன்று சாசனத்தடியில். ஒன்று கினிகத்தேன நீர்பிரிமேட்டில், இந்தப் பக்கம் விழும் மழை மகாவலிக்கும் அந்தப் பக்கம் விழுவது களனிக்கும் போகும் இடத்தில். மூன்று மொழியிலும் எழுதலாம். முதலாவது கம்பத்தில் 1915ஐ விட்டுவிடக் கூடாது. அந்த வீதியின் இரு தரப்பினரும் சேர்ந்து வாசகத்தை எழுதினால் இன்னும் நல்லது. கம்பளையிலே இதற்கு முன்வரக்கூடிய பெரியவர்கள் இரு பக்கத்திலும் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

இவ்விடத்தில் மார்க்கம் சார்ந்த ஒரு கேள்வி எழும். பாதத்தைத் தரிசிப்பது நமக்கு உரியதா என்பது அது. நபி ஆதம் (அலை) பூமியில் இறங்கிய இடத்தைக் குர்ஆன் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஸரந்தீப் என்பது பின்வந்த அறிவிப்புகளிலும் விரிவுரைகளிலும் வருகிறது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டிலேயே, கிறிஸ்து ஆண்டு 851அளவில், அரபு வர்த்தகர்களின் செய்திக்கோவை இந்த மலையை அல்-றஹூன் என்று அழைத்து, ஒரு பாதம் மலையிலும் மற்றது கடலிலும் என்று எழுதுகிறது. நமது மூத்தவர்கள் நேர்ச்சை வைத்துப் போனார்கள். இன்று பெரும்பாலோர் போவதில்லை. போவது கூடாது என்போரும் உளர். அந்த வாதத்துக்குள் நான் நுழைய விரும்பவில்லை. பாதத்தை ஏற்பவருக்கும் ஏற்காதவருக்கும் பாதை ஒன்றுதான். நம் முன்னோர் அதில் நடந்தனர், பொதி சுமந்தனர், வழிகாட்டினர் என்பது வரலாறு. அதை மறப்பதற்கு எந்த ஃபத்வாவும் தேவைப்படவில்லை, புகையிரதமே போதுமாயிருந்தது.

கினிகத்தேனைக்கு அப்பால் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலிய ஓயாவும் பாயும் நாடு. முற்காலத்தில் அது யாத்திரிகர் அஞ்சிய அடர்காடு. எங்கள் மாணவர் பஸ்ஸில் அங்கே போய்ச் சேரும்போது பிற்பகலாகிவிடும். மலையின் கூம்பு முகம் தெளிவாகத் தெரியும் என்று நம்பிப் போவோம். பெரும்பாலும் முகிலே தெரியும்.

மவுஸ்ஸாகலை அணை 1969இல் முடிந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போயிற்று. இப்போதுள்ள நகரம் மேட்டிற் புதிதாக அமைந்தது. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளிற் பழைய நகரத்தின் கட்டடங்கள் சேற்றுக்குமேல் தலைநீட்டும். பௌத்த விகாரை, கோயில், பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் கிடக்கும். அந்த நாட்களிற் செய்தி கேட்டு எல்லாச் சனமும் இறங்கிப் போய்ப் பார்ப்பார்கள். பழைய நகரிற் பிறந்த வயோதிபர்கள், "இதுதான் எங்கட கடை இருந்த இடம்", "இந்தப் படியிலதான் ஒழு எடுத்த" என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். தென்மேல் பருவமழை தொடங்கியதும் ஓயா நிரம்பும்; இரண்டொரு கிழமையில் சுவர்கள் மீண்டும் நீருக்குள் போய்விடும்.